கிரீன்ஸ்டெட் மரத் தேவாலயம்: லண்டனிலிருந்து போய்வர ஒரு வழிகாட்டி

கிரீன்ஸ்டெட் தேவாலயத்தை அம்மாவுக்குக் காட்ட எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. முதல் முயற்சி ஒரு நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. தவறான ரயிலில் ஏறினோம். வாரநாள் அட்டவணையை ஞாயிறு அட்டவணை என்று எண்ணிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் குளிரில் நின்றோம். தேவாலயத்துக்குப் பக்கத்துச் சிறு நகரமான ஆங்கர் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் போய்விட்டது. வயல்வழியில் அம்மாவை இருட்டில் நடத்திக் கூட்டிப்போக எனக்குத் துணிவில்லை, திரும்பிவிட்டோம். அடுத்த வாரம் அவர் பாளையங்கோட்டைக்கு விமானம் ஏறினார். "மரத்தால் கட்டிய கோயில் என்றாயே, அதைப் பார்க்காமலே போகிறேன்" என்று விமான நிலையத்தில் சொன்னது மனத்தில் தைத்துக்கொண்டே இருந்தது.

மறுமுறை அவர் வந்தபோது எல்லாவற்றையும் விசாரித்து, ஒருமுறை நான் மட்டும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, அதன்பிறகுதான் அவரை அழைத்துப்போனேன். அப்படிச் சேர்த்த விவரங்கள்தாம் இவை. லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களையும், ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்திருப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். எசெக்ஸ் மாவட்டத்தில் உள்ள இந்தச் சின்ன ஆங்கிலிக்கன் கிராமத் தேவாலயத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. சிரமமெல்லாம் போய்ச் சேருவதில்தான்.

1. முதலில் ஊரின் பெயரைச் சரிபாருங்கள்

எசெக்ஸிலேயே இரண்டு கிரீன்ஸ்டெட்கள் உள்ளன. கோல்செஸ்டர் நகரத்தின் ஒரு பகுதிக்கும் இதே உச்சரிப்புள்ள பெயர்தான். அங்கேயும் புனித அந்திரேயா பெயரில் ஒரு தேவாலயம் இருக்கிறது. நாம் போகவேண்டிய தேவாலயத்துக்கும் அதே அந்திரேயாதான் பாதுகாவலர். வரைபடச் செயலியில் "செயின்ட் ஆண்ட்ரூஸ், கிரீன்ஸ்டெட்" என்று மட்டும் தட்டினால் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோல்செஸ்டருக்கு வழிகாட்ட வாய்ப்பு உண்டு.

அடையாளம் இதுதான்: கோல்செஸ்டரில் உள்ள கிரீன்ஸ்டெட்டின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'ஏ' என்ற எழுத்து வரும், நம் ஊரின் எழுத்துக்கூட்டலில் அது வராது. முழுப்பெயர் கிரீன்ஸ்டெட் ஜக்ஸ்டா ஆங்கர். 'ஜக்ஸ்டா' என்றால் லத்தீனில் 'அருகில்'. ஆங்கருக்கு அருகில் உள்ள கிரீன்ஸ்டெட் என்று பொருள். பக்கத்துச் சிறு நகரத்தின் முழுப்பெயர் சிப்பிங் ஆங்கர். உள்ளூர்க்காரர்கள் ஆங்கர் என்று மட்டுமே சொல்வார்கள், பஸ்ஸிலும் பெரும்பாலும் அப்படியே எழுதியிருக்கும்.

2. நாளையும் நேரத்தையும் முடிவுசெய்யுங்கள்

தேவாலயம் பகலில் பார்வையாளர்களுக்காகத் திறந்திருக்கும், பொழுது சாயும் நேரத்தில் மூடிவிடுவார்கள். ஆகவே கடிகாரத்தைவிடச் சூரியனைப் பார்த்துத் திட்டமிடுவது நல்லது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் லண்டன் பகுதியில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அந்த ஒரு நாள் மாற்றத்தில் உங்கள் மாலைப்பொழுது சட்டென்று சுருங்கிப்போகும். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது பழகுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது.

நான் பரிந்துரைப்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்கள், அதிலும் வாரநாள் அல்லது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கலந்துகொள்ளவேண்டும் என்றால் ஒழிய அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

சனிக்கிழமையில் வேறொரு சிக்கல் உண்டு: திருமணம். கோடைச் சனிக்கிழமைப் பிற்பகல்களில் கிராமத் தேவாலயங்களில் திருமணம் நடப்பது வழக்கம். ஞானஸ்நானமோ அடக்க ஆராதனையோ இருந்தாலும் சுற்றிப் பார்க்க முடியாது, அது நியாயமும் அல்ல. இங்கிலாந்துத் திருச்சபை நடத்தும் 'எ சர்ச் நியர் யூ' என்ற இணையதளத்தில் ஊர்ப்பெயரைத் தேடினால் ஒவ்வொரு தேவாலயத்துக்கும் தனிப்பக்கம் கிடைக்கும். ஆராதனை நேரங்களும் தொடர்பு முகவரியும் அதில் இருக்கும். தனிப்பட்ட திருமணங்கள் அதில் இருக்காது என்பதால் போவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். எனக்கு நான்காம் நாள் பதில் வந்தது. சபை மக்களுடன் குழுவாகப் போவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே எழுதுங்கள். உள்ளே இடம் மிகக் குறைவு. இருபது பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால் ஒருவராலும் எதையும் பார்க்க முடியாது.

லண்டனிலிருந்து எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து எப்பிங் வரை ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், எப்பிங்கிலிருந்து ஆங்கருக்கு பஸ்ஸில் ஏறத்தாழ 25 நிமிடம், ஆங்கரிலிருந்து நடை 25 முதல் 30 நிமிடம். காத்திருப்பையும் சேர்த்து ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தேவாலயத்தில் ஒரு மணி நேரம். காலை 9.30 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் பதறாமல் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

3. ஆவணங்கள், அட்டைகள்

தேவாலயத்தில் யாரும் எந்த ஆவணமும் கேட்பதில்லை. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் விசா பற்றிச் சொல்லவேண்டும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு வழக்கமான பார்வையாளர் விசா தேவை. ஆறு மாத விசாவுக்குக் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டு ஆனது. விண்ணப்பிக்கும் நாளில் பிரிட்டன் அரசின் தளத்தில் தொகையை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். பயண நாளுக்கு மூன்று மாதங்களுக்கு முன்னர் விண்ணப்பிக்க முடியாது, முடிவு வரப் பொதுவாக மூன்று வாரம் ஆகும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா வேண்டாம். இணையவழிப் பயண அனுமதி போதும், அதற்கு 2025 ஏப்ரலில் 16 பவுண்டு.

ஒரு எச்சரிக்கை. பழைய தேவாலயங்களைப் பார்க்கப்போவதாக எழுதினால் 'தேவாலய அழைப்புக் கடிதம்' இணைக்கவேண்டும் என்று சொல்லி ஒரு முகவர் என் அம்மாவிடம் பணம் கேட்டார். அப்படி எதுவும் தேவையில்லை. குடும்பத்தைப் பார்க்க வருகிறவர் அதையே விண்ணப்பத்தில் எழுதினால் போதும். சுற்றிப் பார்ப்பது அந்த விசாவிலேயே அடங்கிவிடும்.

இனி, லண்டன் பயணத்துக்கு ஆளுக்கொரு அட்டை. ஒரே வங்கி அட்டையால் இரண்டு பேர் பாதாள ரயிலில் பயணம் செய்ய முடியாது. முதல் நாள் நான் என் அட்டையைத் தொட்டுவிட்டு அம்மாவுக்கும் அதையே தொட, வாயில் திறக்கவில்லை. பின்னால் வரிசை நீள, அவர் பதறிப்போனார். அவருக்கு ஓய்ஸ்டர் அட்டை (முன்பணம் போட்டுவைக்கும் லண்டன் பயண அட்டை) வாங்கிக் கொடுங்கள், அல்லது குடும்பத்தில் இன்னொருவரின் வங்கி அட்டையைக் கொடுங்கள். நுழையும்போது எதைத் தொட்டீர்களோ, வெளியேறும்போதும் அதையே தொடவேண்டும். நுழையும்போது அட்டையையும் வெளியேறும்போது அதே கணக்கு உள்ள கைபேசியையும் தொட்டால் இரண்டும் தனித்தனி முடியாத பயணங்களாகப் பதிவாகி, இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். பதினொரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பெரியவர் உடனிருந்தால் பாதாள ரயிலில் கட்டணம் இல்லை.

லண்டன்வாசிகளான மூத்தோருக்குக் கிடைக்கும் இலவசப் பயண அட்டை, ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்குக் கிடைக்காது. அதைத் தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம்.

4. ரயில்: "எப்பிங்" என்று பார்த்து ஏறுங்கள்

பாதாள ரயிலின் சென்ட்ரல் லைன் என்ற தடத்தில் கிழக்குக் கடைசி நிலையம் எப்பிங். ஆறாம் கட்டண மண்டலத்தில் இருக்கிறது, ஓய்ஸ்டரும் வங்கி அட்டையும் அங்கே செல்லும். வாரநாள்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் கட்டணம் கூடுதல். வார இறுதியில் நாள் முழுதும் குறைந்த கட்டணம்தான்.

நாங்கள் ஏமாந்தது இங்கேதான். லேட்டன்ஸ்டோன் தாண்டியதும் சென்ட்ரல் லைன் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வுட்ஃபோர்டு வழியாக எப்பிங் போகிறது. மற்றொன்று ரெட்பிரிட்ஜ், கான்ட்ஸ் ஹில், நியூபரி பார்க் வழியாக ஹெய்னால்ட் போகிறது. ஸ்ட்ராட்ஃபோர்டில் வந்த முதல் சிவப்பு ரயிலில் ஏறி, பேசிக்கொண்டே நியூபரி பார்க் வரை போய்விட்டோம். நடைமேடைப் பலகையில் "எப்பிங்" என்று இருந்தால் மட்டும் ஏறுங்கள். லவ்டன், டெப்டன் என்று போட்ட ரயில்கள் சரியான பாதையில்தான் போகும், ஆனால் இடையிலேயே நின்றுவிடும்.

இல்ஃபோர்டில் இருப்பவர்கள் எலிசபெத் லைனில் ஸ்ட்ராட்ஃபோர்டு வந்து மாறலாம். ஈஸ்ட்ஹாமிலிருந்து பஸ்ஸில் ஸ்ட்ராட்ஃபோர்டு வருவதே முதியவர்களுக்கு எளிது. கான்ட்ஸ் ஹில் பக்கம் இருப்பவர்கள் லேட்டன்ஸ்டோன் வந்து எப்பிங் ரயிலுக்கு மாறவேண்டும்.

வார இறுதியில் பராமரிப்புக்காகப் பாதையின் ஒரு பகுதியை மூடுவது அடிக்கடி நடக்கும். வெள்ளிக்கிழமை இரவே லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். வரைபடத்தில் ஆங்கர் ரயில் நிலையம் என்று ஒன்று தெரியும். பாதாள ரயில் ஒருகாலத்தில் அதுவரை போனது உண்மைதான். 1994 செப்டம்பர் 30 அன்று அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே ஓடுவது குறிப்பிட்ட நாள்களில் மட்டும் இயங்கும் பாரம்பரிய ரயில். தனி டிக்கெட், ஓய்ஸ்டர் செல்லாது. அது ஓடும் நாள்களில் எப்பிங் நிலையத்திலிருந்து பழைய காலத்துப் பேருந்து ஒன்றையும் விடுகிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தால் ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்கலாம்.

5. எப்பிங்கிலிருந்து ஆங்கருக்கு பஸ்

எப்பிங் லண்டன் பஸ் வலையமைப்புக்கு வெளியே இருக்கிறது. இங்கே ஓடுபவை எசெக்ஸ் மாவட்டத் தனியார் பஸ்கள். ஓய்ஸ்டரை நம்பி ஏறாதீர்கள், வங்கி அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், சில்லறையும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இந்த வகை பஸ்களில் ஒரு வழிப் பயணத்துக்கு 2025 ஜனவரியிலிருந்து 3 பவுண்டு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். போக வர ஆளுக்கு 6 பவுண்டு என்று கணக்கு வையுங்கள்.

பஸ் எண்ணையும் நேரத்தையும் நான் இங்கே எழுதவில்லை. நிறுவனங்கள் மாறும்போது அவையும் மாறிவிடுகின்றன. முந்தைய நாள் 'டிராவலைன்' தளத்தில், போகும் தேதியைக் கொடுத்துத் தேடுங்கள். தேதியைக் கொடுப்பது முக்கியம். நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் தாளில் திங்கள் முதல் வெள்ளி, சனி, ஞாயிறு என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். எங்களை ஒன்றரை மணி நேரம் நிற்கவைத்தது அந்தத் தாளை அவசரத்தில் படித்ததுதான்.

பஸ் வருவது தெரிந்ததும் கையை நன்றாக நீட்டுங்கள். நீட்டாவிட்டால் நிற்காமல் போய்விடும். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரலாம்.

நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு பஸ்ஸே வேண்டாம். எப்பிங்கிலிருந்து ஹார்விச் துறைமுகம் வரை 82 மைல் நீளும் 'எசெக்ஸ் வே' என்ற நடைபாதை இந்தத் தேவாலயத்தை ஒட்டித்தான் போகிறது. எப்பிங்கிலிருந்து கிரீன்ஸ்டெட் வரை பத்து கிலோமீட்டர் அளவு, மூன்று மணி நேரம் பிடிக்கும்.

6. ஆங்கரிலிருந்து நடை, அல்லது கார்

ஆங்கர் கடைத்தெருவில் இறங்கியதும் முதலில் ஒரு காபிக்கடையில் உட்காருங்கள். கழிப்பறையை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், தண்ணீரும் வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பிறகு வழியில் கடை எதுவும் வராது.

கடைத்தெருவுக்கு மேற்கே இறங்கி, கிரிப்சி புரூக் என்ற ஓடையைக் கடந்தால் வயல்களுக்கு நடுவே நேரே ஏறும் பாதை வரும். ஏறத்தாழ ஒரு மைல் தூரம். இதுவும் எசெக்ஸ் வே நடைபாதையின் பகுதிதான். கம்பங்களில் இரண்டு சிவப்பு பாப்பி மலர்கள் வரைந்த வட்டக்குறி இருக்கும், அதைப் பின்தொடருங்கள். மஞ்சள் அம்புக்குறி பொது நடைபாதைக்கு உரியது. அது இருக்கும் இடத்தில் தனியார் வயலானாலும் தயங்காமல் நடக்கலாம். அது நமக்கு உள்ள சட்ட உரிமை. முதல் தடவை ஒரு பண்ணை வாசலில் நின்று, யாராவது துரத்திவிடுவார்களோ என்று நான் பயந்தது வீண். வாயில் மூடியிருந்தால் திறந்து, கடந்ததும் மூடிவிடுங்கள். அதுதான் அங்கே மரியாதை.

மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தாலும் இந்த மண் ஒட்டும். களிமண் நிலம், நம் கரிசல் போலக் காலைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் பூட்ஸ் அல்லது கனமான நடைக் காலணி வேண்டும். சேலை கட்டும் அம்மாமார்களுக்கு அன்று ஒருநாள் சுடிதார் நல்லது.

முழங்கால் வலி உள்ளவர்களை வயல்வழியில் நடத்தாதீர்கள். ஆங்கரில் வாடகைக் காரை முன்கூட்டியே பேசிவைத்து, தேவாலய வாசலிலேயே இறங்கலாம். திரும்புவதற்கும் அந்த ஓட்டுநரிடமே நேரம் சொல்லிவிடுங்கள், அங்கே போனபின் வண்டி பிடிக்க முடியாது. சாலையோரமாக நடப்பதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். குறுகலான கிராமச் சாலை, நடைமேடை இல்லாத இடங்களில் வளைவிலிருந்து கார் திடீரென்று முன்னால் வந்து நிற்கும்.

சொந்தக் கார் இருந்தால் வான்ஸ்டெட்டிலிருந்து ஏ113 சாலை சிக்வெல், அபிரிட்ஜ் வழியாக நேரே ஆங்கர் கொண்டுவிடும். பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தேவாலயம் லண்டனுக்கு வெளியே இருந்தாலும் நீங்கள் கிளம்பும் இடம் லண்டனுக்குள் என்றால், 2023 ஆகஸ்டு முதல் மாநகரம் முழுவதும் மாசு கூடிய வண்டிகளுக்குக் கட்டணம் பிடிக்கும் மண்டலம்தான். விதிக்கு உட்படாத காருக்கு அன்றைய கட்டணம் 12.50 பவுண்டு. தேவாலயத்துக்கு அருகே வண்டி நிறுத்த இடம் கொஞ்சம்தான், பக்கத்து வீட்டு வாசலை அடைக்காதீர்கள்.

7. கதவு, காலணி, கேமரா

இங்கிலாந்துக் கிராமத் தேவாலயம் எதற்குப் போனாலும் இதை நினைவில் வையுங்கள்: கதவு சாத்தியிருந்தால் பூட்டியிருக்கிறது என்று பொருள் இல்லை. பல கதவுகளில் கனமான இரும்பு வளையம் தொங்கும். அதைத் தட்டுவதற்கென்று நினைத்துத் தட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. வளையத்தைப் பிடித்துத் திருப்பினால் உள்ளே தாழ் மேலே எழும்பும், அப்படியே தோளால் தள்ளவேண்டும். வேறொரு ஊரில் நான் இது தெரியாமல் பூட்டிய கதவு என்று திரும்பியிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்திவிடுங்கள். பறவை உள்ளே புகுந்தால் வெளியேற வழி தெரியாமல் செத்துப்போகும்.

வாசலில் அம்மா செருப்பைக் கழற்றக் குனிந்தார். நம் பக்கத்துக் கோயில்களில் அது வழக்கம், இங்கே இல்லை. ஆனால் சேறு அப்பிய பூட்ஸோடு நுழைவது தவறு. வாசல் மண்டபத்தில் கழற்றிவைத்துவிட்டுத் தடித்த காலுறையோடு போகலாம். தரை சில்லென்று இருக்கும், ஒரு ஜோடி அதிகக் காலுறை எடுத்துவாருங்கள்.

யாரும் காவலுக்கு இருக்கமாட்டார்கள். நாங்கள் போன அன்று முதல் அரைமணி நேரம் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. படம் எடுத்துக்கொள்ளலாம், ஆராதனை நேரத்தில் மட்டும் கூடாது. மணமக்களை வைத்துத் தொழில்முறையில் படம் எடுப்பது, டிரோன் பறக்கவிடுவது போன்றவற்றுக்குத் திருச்சபைப் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும். கல்லறைகள்மேல் உட்காராதீர்கள், சாய்ந்து நின்று படம் எடுக்காதீர்கள். அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு இன்றும் பூ வைக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

8. எதைப் பார்க்கவேண்டும்

உள்ளே போகுமுன் வெளியே நில்லுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். வெள்ளைப் பலகை அடித்த கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். இந்தத் தேவாலயத்தின் உயிர் அதன் நடுப்பகுதிச் சுவரில்தான் இருக்கிறது.

ஓக் மரத்தை நெடுக்கே இரண்டாகப் பிளந்து, வளைந்த முதுகு வெளியேயும் தட்டையான முகம் உள்ளேயும் வரும்படி, நெருக்கமாக நிறுத்தியிருக்கிறார்கள். மொத்தம் 51 மரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் பள்ளம் வெட்டி, இரண்டுக்கும் நடுவே மெல்லிய மரப்பட்டியைச் செருகிக் காற்றும் மழையும் புகாமல் செய்திருக்கிறார்கள். அருகே போய்ப் பாருங்கள். மரத்தின் நார் கல்லைப் போல இறுகி, கறுத்து, நெடுகக் கீறலோடியிருக்கும். "பனையைப் பிளந்து வரிசையாக நட்டதுபோல் இருக்கிறதே" என்றார் அம்மா. உள்ளே வந்ததும் தட்டையான பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது வாய்ச்சி பட்ட தடம்" என்று சொல்லிச் சுவரோரமாக நின்றுவிட்டார். அவருடைய அப்பா தச்சர், வாய்ச்சி என்பது தச்சர்கள் மரம் செதுக்கும் கருவி. அலையலையாக, சின்னச் சின்னச் செதில்களாக இருக்கும் அந்தத் தடங்களை அதுவரை நான் மரத்தின் இயல்பான மேடுபள்ளம் என்றே எண்ணியிருந்தேன்.

கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். கூரையில் உள்ள சன்னல்கள் 1848 ஆம் ஆண்டுப் புதுப்பிப்பில் வைத்தவை. அப்போதுதான் உளுத்துப்போன அடிமரத்தை வெட்டிச் செங்கல் அடித்தளத்தின்மேல் சுவரை நிறுத்தினார்கள். கிழக்கே பீடம் உள்ள பகுதி மட்டும் ஏறத்தாழ 1500 ஆம் ஆண்டுக் காலத்துச் செங்கல் கட்டு.

படத்துக்குக் குறிப்பு எழுதுகிறவர்கள் கவனியுங்கள். பழைய நூல்களிலும் பல தளங்களிலும் இந்தச் சுவரின் காலம் 845 என்று இருக்கும். 1995 இல் மரவளையங்களை ஆராய்ந்தபோது அது தவறு என்று தெரிந்தது. 1063க்கும் 1108க்கும் இடைப்பட்ட காலத்து மரங்கள் இவை. அதற்காக இந்த இடத்தின் பழமை குறைந்துவிடவில்லை. 1960 இல் பீடப்பகுதியில் தோண்டியபோது இதற்கும் முந்தைய இரண்டு மரக் கட்டடங்களின் சுவடுகள் கிடைத்தன. அவை ஆறு, ஏழாம் நூற்றாண்டு அளவில் பழையவை என்கிறார்கள். உலகில் இன்றும் நிற்கும் மரத் தேவாலயங்களில் மிகப் பழையது என்று இதைச் சொல்வது வழக்கம்.

வாசலருகே கல்மூடி போட்ட ஒரு கல்லறை இருக்கிறது, சிலுவைப்போர் வீரர் ஒருவருடையது என்று சொல்கிறார்கள். 1013 இல் முற்கால அரசரான புனித எட்மண்டின் உடலை லண்டனிலிருந்து எடுத்துச் சென்றபோது இங்கே ஓர் இரவு வைத்திருந்தார்கள் என்பது ஊர் மரபு. கூலிக்காகச் சங்கம் சேர்ந்து, அதற்காக இரகசியச் சத்தியம் செய்வித்த குற்றத்துக்கு 1834 இல் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட டோல்படில் என்ற ஊரின் விவசாயத் தொழிலாளர்கள் ஆறு பேரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். மன்னிப்புப் பெற்றுத் திரும்பியபின் அவர்களில் சிலர் இந்தப் பகுதியில்தான் குத்தகைக்குப் பயிரிட்டார்கள். அந்த ஆறு பேரில் ஒருவரான ஜேம்ஸ் பிரைன் 1839 இல் திருமணம் செய்துகொண்டது இந்தப் பீடத்தின் முன்தான். அந்தச் சின்ன இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.

9. ஞாயிறு ஆராதனைக்குப் போவதாக இருந்தால்

எந்த மதத்தவரும் உட்காரலாம். பத்து நிமிடம் முன்பே வந்து பின்வரிசையில் அமருங்கள். வாசலில் கொடுக்கும் ஆராதனைத் தாளில் தடித்த எழுத்தில் இருப்பது எல்லோரும் சொல்லவேண்டியது. தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர்களுக்கு ஒழுங்கு முறை நன்கு தெரிந்ததாகவே இருக்கும். 1947 இல் அந்தத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்த சபைகளில் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்று. வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்று, அங்கே வழக்கமாக நற்கருணை எடுக்கிறவர்கள் இங்கேயும் எடுக்கலாம். சான்றிதழ் எதுவும் காட்டவேண்டியதில்லை. எடுக்க விரும்பாதவர்களும் மற்ற மதத்தவர்களும் இருக்கையிலேயே இருந்துவிடலாம், அல்லது முன்னால் போய்க் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்தால் குருவானவர் ஆசி மட்டும் கொடுப்பார்.

10. காணிக்கை

நுழைவு இலவசம் என்பதால் ஒன்றும் கொடுக்காமல் வந்துவிடாதீர்கள். இத்தகைய கிராமச் சபைகள் பழுது பார்ப்பதற்குப் பெரும்பாலும் மக்கள் தரும் பணத்தையே நம்பியிருக்கின்றன. ஆளுக்கு 5 பவுண்டு கொடுத்தால் நல்லது. தாளாக எடுத்துப்போங்கள், அட்டை இயந்திரத்தை நம்பிப் போகவேண்டாம்.

காணிக்கைப் பெட்டி அருகே 'கிஃப்ட் எய்ட்' உறை இருந்தால், அதில் பெயர், வீட்டு முகவரி, தேதி எழுதிக் கையொப்பமிட்டுப் பணத்தைப் போடலாம். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து தேவாலயத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் பிரிட்டனில் அந்த ஆண்டு போதிய வரி கட்டியவர்கள் மட்டுமே இதில் கையொப்பமிடவேண்டும். வரி கட்டாத மாணவர்களும், பார்வையாளர் விசாவில் வந்த பெற்றோரும் நல்லெண்ணத்தில்கூடக் கையொப்பமிடக் கூடாது. வித்தியாசத் தொகையை வரித்துறை பிறகு உங்களிடமே கேட்கலாம். அவர்கள் வெறுமனே பெட்டியில் போட்டால் போதும்.

11. திரும்பும் வழி

ஆங்கரில் பஸ்ஸைவிட்டு இறங்கியவுடன், எதிர்ப்புறம் உள்ள எப்பிங் நிறுத்தத்துக்குப் போய் அங்கே ஒட்டியிருக்கும் அட்டவணையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸைக் குறிவைக்காதீர்கள், அதற்கு முந்தைய பஸ்ஸுக்குத் திட்டமிடுங்கள். அந்த பஸ் நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்பு, அதுவே தேவாலயத்தைவிட்டு நீங்கள் கிளம்பவேண்டிய நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் 2.50க்குப் புறப்பட்டோம். வருகைப்பதிவேட்டில் அம்மா தன் பெயரையும், அடுத்த வரியில் தன் அப்பாவின் பெயரையும் தமிழில் எழுதிவிட்டு வந்தார்.